மருத்துவச்சி குடிச்ச கஷாயம்

ஒரு ஊர்ல, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவுல, சுடலைமுத்து, இசக்கியம்மான்னு புருசன் பொஞ்சாதி இருந்தாங்க. அவங்களுக்கு எட்டு வயசுல ஒரே புள்ள, பேரு வைகுண்டம். அந்த ஊர்ல ஒரு மருத்துவச்சியும் இருந்தா. வாய் காதுவரைக்கும், மூளை கடுகளவு. யாருன்னு கேக்காதீங்க. சரி சரி, நான்தான்.

அந்தப் புள்ள ஒருநாள் ஆத்தாகிட்ட, "நான் பொம்பளப்புள்ளம்மா, என்னைச் சந்தனமாரின்னு கூப்புடு"ன்னுச்சு. விளையாட்டுன்னு விட்டாங்க. மறுநாளும் சொல்லுச்சு. மறுமாசமும் சொல்லுச்சு. அப்புறம் சோறு திங்கல, யார்கூடயும் பேசல, குளத்துல தன் முகம் தெரிஞ்சா கண்ணை மூடிக்கிடுச்சு. இசக்கியம்மா பயந்துபோய் என்னைக் கூட்டிட்டுப் போனா.

நான் பெரிய பண்டிதையாட்டம் நாடி பிடிச்சு, "ஒடம்புச் சூடு. மூணுநாள் வேப்பங்கொழுந்துக் கஷாயம் குடுத்தா ஆம்பளப்புள்ளையா நிமிந்துரும்"னேன். குடிச்சுது. "இப்ப நீ யாரு?"ன்னேன். "சந்தனமாரி." மந்திரிச்ச கயிறு கட்டுனேன். "இப்ப யாரு?" "சந்தனமாரி." மொட்டை போடச் சொன்னேன். "இப்ப?" கண்ணுல தண்ணி வழிய வழிய, "மொட்டைச் சந்தனமாரி"ன்னுச்சு.

அப்புறம் என்னையே கேட்டுச்சு, "அத்தை, இந்தக் கஷாயம் பொண்ணை ஆம்பளையாக்குமா?"

"ஆக்கும்."

"அப்ப நீங்க குடிங்க. நீங்க ஆம்பளையாயிட்டா நானும் ஆயிடுறேன்."

ரோசம் விடுமா? குடிச்சேன். மூணுநாளும் கொல்லைக்கு ஓடுனதுதான் மிச்சம். சிரிக்காதீங்கடி! மீசை ஒரு முடி முளைக்கல. நாலாம்நாள் அந்தப் புள்ள வந்து, "ஆயிட்டீங்களா?"ன்னுச்சு. "இல்ல தாயி"ன்னேன். "அப்ப எனக்கு எதுக்கு ஊத்துனீங்க?"ன்னுச்சு. மிச்சக் கஷாயத்தைக் கொல்லையில கொட்டிட்டேன்.

புள்ளைய வீட்டுல விடப் போனா, அதுக்குள்ள சுடலைமுத்து பக்கத்து ஊர்ல பேயோட்டிக் குறி சொல்ற கோடாங்கியக் கூட்டியாந்துட்டான். அவன் சாட்டையோட வந்து, "இது பேயி. முப்பது அடியில ஓடிரும்"னான். புள்ள என் முந்தானைக்குள்ள ஒளிஞ்சுது.

நான் முன்னால போய் நின்னு, "வாங்கக்கா"ன்னேன்.

"யாரைடி அக்காங்கற?"

"உங்களைத்தான்க்கா."

இசக்கியம்மா புரிஞ்சுக்கிட்டா. "ஒக்காருங்கக்கா"ன்னா. வேடிக்கை பாத்த பொடிசுங்க, "அக்கா, பூ வச்சுக்கோங்க"ன்னு கனகாம்பரத்தை நீட்டுச்சுங்க.

கோடாங்கி தைதைன்னு குதிச்சான். "நான் ஆம்பள!"

"யாரு சொன்னா?"ன்னேன்.

"யாருடி சொல்லணும்? நான் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

சுடலைமுத்து கோடாங்கி பக்கம் திரும்புனான். "என் புள்ளையும் இதத்தானய்யா சொல்லுச்சு"ன்னு மெதுவா சொன்னான். அப்புறம் சாட்டையப் புடுங்கி, கைப்பிடிய ரெண்டா ஒடிச்சு அடுப்புல வச்சான். கோடாங்கி எடுத்தான் ஓட்டம். சேதி பரவி, எந்த ஊருக்குப் போனாலும் "வாங்கக்கா", எந்தத் தெருவுல நொழஞ்சாலும் "வாங்கக்கா". ஒரு மாசம் தாங்கல, குறி சொல்றதையே விட்டுட்டான்.

அன்னைக்கு மத்தியானம் சுடலைமுத்து, "சந்தனமாரி, சாப்புட வா தாயி"ன்னு கூப்புட்டான். அவ மொட்டைத் தலையோட ஓடிவந்தா. ரெண்டு வட்டல் சோறு தின்னா, மூணாவதும் கேட்டா.

ஊரே என்னைக் கெட்டிக்காரின்னுச்சு. நானும் ஆமாமான்னு தலையாட்டிட்டேன். அது எட்டு வயசுப் புள்ளகிட்ட கத்துக்கிட்ட புத்தின்னு இன்னைக்குத்தான் சொல்றேன். ஒருத்தர் தன்னை யாருன்னு சொன்னா, காது குடுத்துக் கேளுங்க, என்னை மாதிரி கஷாயம் காச்சாதீங்க. கதை கடலுக்குப் போச்சு, நீங்க உறங்கப் போங்க.