நாச்சாயியின் காளவாய்

ராஜாக்களுக்கு மகுடமும் மைத்துனரும் தவறாமல் இருந்த காலத்தில், வெள்ளையம்பதி என்றொரு நகரம் இருந்தது. ஊர் முழுக்கப் பளிச்சென்று வெள்ளை வீடுகள். அத்தனைக்கும் சுண்ணாம்பு சுட்டுக் கொடுத்தவள் நாச்சாயி என்ற ஒருத்திதான்.

அவளுடைய காளவாய் ஊருக்குக் கிழக்கே, ஆளரவமில்லாத பொட்டலில் புகைந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு வண்டி போய்வந்து ஒரு பாதை விழுந்தது. பாதை விழுந்தால் சும்மா இருப்பார்களா? சுண்ணாம்பு பக்கத்திலேயே கிடைக்கும், வண்டிக்கூலி மிச்சம் என்று மந்திரி அங்கே முதல் மாளிகையைக் கட்டினார். பின்னாலேயே ஒரு தெரு முளைத்தது. குடியேறிய மறுவாரமே எல்லோரும் இருமினார்கள், புகை தாங்கவில்லை என்று மனுக் கொடுத்தார்கள். பூபதி ராஜா காளவாயைத் தெற்கே போகச் சொன்னார். அதைச் சுற்றி ஐந்நூறு அடிக்கு யாரும் வீடு கட்டக்கூடாது என்று எல்லைக் கல்லும் நட்டார்.

நாச்சாயி காளவாயை இடித்துவிட்டுப் போனாள். தெற்கே சேனாதிபதி வந்தார். எல்லைக் கல்லைப் பிடுங்கித் தன் வீட்டு வாசற்படியாகப் போட்டுக்கொண்டார். தெரு வந்தது, இருமல் வந்தது, மனு வந்தது. அவளை மேற்கே அனுப்பினார்கள். அங்கே ராஜாவின் மைத்துனரே வந்தார். அவருக்குக் கல்லாவது மண்ணாவது!

ஒரு காளவாயை இடித்துக் கட்ட ஆறு மாதம் ஆகும். அதுவரை நாச்சாயியின் பிள்ளைகளுக்குக் கஞ்சிதான். இன்னொரு முறை இடித்தால் அந்தக் கஞ்சியும் கிடையாது. மலைக்கு அப்பால் போ என்று மூன்றாவது ஓலை வந்ததும், வயிறெரிந்து அவள் நேராகச் சபைக்கே போனாள்.

"ராஜா, இந்த முறை இடத்தை நானே சொல்கிறேன். அரண்மனைக்குப் பின்னால் இருக்கிற உங்கள் பூந்தோட்டத்தைக் கொடுங்கள்."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "மனிதர் குடியிருக்கிற இடத்தில் வந்து புகை போடுவாயா?"

"அது தப்பென்றால், புகைகிற இடத்தில் வந்து குடியிருப்பது மட்டும் எப்படிச் சரி? நான் எங்கே போனாலும் ஊர் பின்னாலேயே வந்து இருமுகிறது. தோட்டம் என்றால் நீங்கள் முன்னாலேயே அங்கே இருக்கிறீர்கள். புதிதாக வந்து மனுக் கொடுக்க ஆள் இருக்காது."

ராஜா மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கூரையைப் பார்த்தார். தோட்டத்துப் பக்கமிருந்து மல்லிகை வாசம் வீசியது. அதுதான் ராஜாவுக்குப் புத்தி சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காளவாய் இருந்த இடத்திலேயே இருந்தது. ராஜாவின் உத்தரவுப்படி மைத்துனர் மாளிகைதான் இடிபட்டது. வீடுகளுக்கென்று ராஜா ஒதுக்கிய வடக்கு மேட்டில் அவர் புதிதாகக் கட்டினார். சுண்ணாம்புக்கு நாச்சாயியிடம்தான் வந்து நின்றார்.

எது எங்கே இருக்க வேண்டுமென்று முன்கூட்டியே வகுத்து, நட்ட கல்லை வேண்டியவருக்காகவும் பிடுங்காத ஊர்தான் உருப்படியாக வளரும்.