தலைக்கு மேலே ஒரு சாண்

ஒரு ஊரிலே ஒரு மடம் இருந்ததாம். அங்கே சாமி இருந்ததாம், சோறு இருந்ததாம், கக்கூஸ் மட்டும் இல்லையாம். அதையும் போன வாரம் கட்டி முடித்தார்களாம்.

"தாயே, பத்து மணிக்கு வந்து பூட்டிடுவாங்க" என்றார் ஆவுடையப்பன்.

அவருக்கு அறுபது வயது. மடத்தின் கட்டட வேலையெல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய குரு செங்கமலத்தம்மாவுக்கு நாற்பதுதான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு பூட்டுறது?"

"பேரூராட்சி இன்ஸ்பெக்டர். நேத்து வந்து ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பார்த்தார். குளக் குளக்குன்னு ஒரே சத்தம். கோப்பை வளைவுல நிக்க வேண்டிய தண்ணியையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் டேங்க் நாத்தம் பூராவும் உள்ள வந்துடுச்சு."

"ஏனாம்?"

"காத்துக் குழாய், அதான் டேங்க் காத்து வெளிய போற குழாய், மேல போகலையாம். மொட்டைமாடித் தளத்துல ஆள் நடமாட்டம் இருக்கு, அதனால ஆள் தலைக்கு மேல குழாய் நிக்கணும், அதுதான் விதிங்கிறார்."

"நிக்க வையுங்க."

"எப்படிம்மா? கலசம் இருக்கே!"

மடத்தை உண்டாக்கிய பெரியசாமியின் சமாதி முற்றத்தில் இருந்தது. அதன் கலசத்தைவிட உயரமாக மடத்துக்குள் எதுவும் நிற்கக் கூடாது. முருங்கையைக்கூட வருஷத்துக்கு இரண்டு தரம் தறித்துவிடுவார்கள். தளத்தில் வடகம் போடப் போகிறவர்கள் குனிந்து போய்க் குனிந்தே திரும்புவார்கள்.

கொத்தனார் மேலே ஏற்றிவிட்ட குழாயைத் தளத்துக்குக் கீழேயே அறுத்து, மூடியும் போட்டது ஆவுடையப்பன்தான்.

"சாயங்காலம் பாதயாத்திரைப் பொம்பளைங்க நாப்பது பேர் வர்றாங்க, தாயே. போன வருஷம் அவங்கள்ல ஒருத்தி, வெள்ளத்தாய், இருட்டட்டும் இருட்டட்டும்னு பகல் பூரா அடக்கிவச்சுட்டு முள்ளுக்காட்டுக்குப் போனா. பாம்பு கடிச்சு ரெண்டு விரல் போச்சு. இந்த வருஷமும் வர்றா. நான் என்ன செய்யட்டும்?"

அவர் கை வேட்டியைக் கசக்கிக்கொண்டே இருந்தது.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூச்சைப் பிடிச்சுக்கங்க. உள்ள போயி ஒரு வாளி ஊத்துங்க. தண்ணி போய் முடியுற வரைக்கும் மூச்சை விடாதீங்க."

"இப்பவா? மணி எட்டரை ஆச்சும்மா."

"இப்பத்தான்."

ஆவுடையப்பன் போனார்.

வாளி விழுகிற சத்தம் கேட்டது. கண் பிதுங்க, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்.

"தண்ணி போய் முடிஞ்சுதா?"

"எங்க? குளக் குளக்குன்னு முக்கி முக்கித்தான் போகுது."

"அதுக்குள்ள நீங்க ஏன் வந்துட்டீங்க?"

"முட்டுதும்மா! காத்தை விடாம எப்படி இருக்கிறது?"

அம்மா மடியில் கிடந்த காம்புகளை உதறிவிட்டு எழுந்தார். சுவரோரம் கிடந்த ஏணியை நிமிர்த்திச் சாத்தினார். ஏறினார்.

"தாயே, எங்க போறீங்க?"

அம்மா கடைசிப் படியில் கால் வைத்தார்.

"குனிங்கம்மா! குனிங்க! கலசம்!"

அம்மா தளத்துக்கு வந்தார். நேராக நிமிர்ந்து நின்றார்.

ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஏதாவது இடியும், ஏதாவது விழும் என்று காத்திருந்தார். ஒன்றும் விழவில்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

"ஐயா, என் தலை எங்க இருக்கு?"

"வேண்டாம், இறங்கிடுங்க."

"எங்க இருக்குன்னு கேட்டேன்."

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"கலசத்துக்கு... மேல."

"எவ்வளவு மேல?"

"ஒரு முழம் இருக்கும்."

"அதுக்கும் மேல ஒரு சாண் விட்டுக் குழாயை அறுங்க."

அம்மா இறங்கி வந்து கீரைக்கட்டைப் பிரித்தார்.

ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் கலசத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஏணியைப் பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்தார். மூடியை அறுத்து எறிந்தார். மிச்சக் குழாயை அளந்து வெட்டி, ஏணியில் நின்றபடி பசை தடவிச் சேர்த்தார்.

பசை இறுகும்வரை குழாயின் மேல்முனையை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அதற்குத் தளத்தில்தான் நிற்க வேண்டும். முதலில் குனிந்தே பிடித்துப் பார்த்தார். குழாய் சாய்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார்.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வந்தார். கையில் பூட்டு இருந்தது. மேலே பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஒரு வாளி. இன்னொரு வாளி.

சத்தமே இல்லை. தளத்தில் நின்ற ஆவுடையப்பன் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

"தண்ணி வளைவுலயே நிக்குது. நாத்தமும் இல்லை." காகிதத்தைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இன்னைக்கே திறந்துவிடலாம்."

செங்கமலத்தம்மா காகிதத்தை வாங்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனார்.

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார்.

"பெரியவரே, பசை எப்பவோ இறுகியிருக்கும். கையை எடுத்துட்டு இறங்குங்க."

ஆவுடையப்பன் கையை எடுத்தார். குழாய் நின்றது.

"நீங்க போங்க சார். நான் கொஞ்ச நேரம் இப்படி நிமிர்ந்து நின்னுட்டு வர்றேன்."

இன்ஸ்பெக்டர் பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.