உள்ளே போட்ட முடிச்சு

கொரோனா வந்து கல்லூரியைப் பூட்டியதும் மருத்துவ மாணவர்களெல்லாம் வீடு போய்ச் சேர்ந்தார்கள். புத்தகப் பாடத்தைப் போனில் நடத்திவிடலாம். காயத்துக்குத் தையல் போடுவதை எப்படி நடத்துவது? அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பேச்சிமுத்து அதையும் போனில், வீடியோவில்தான் நடத்தினார். வேறு வழி?

ஜாஸ்லின் கடைசி வருட மாணவி. வீட்டு அடுக்களையில் ஒரு கோழித்தொடையைப் பலகையில் வைத்துக் கீறுவாள். முதலில் உள்ளே சதையைச் சேர்த்து முடிச்சு. பிறகு மேலே தோலைச் சேர்த்துத் தையல். முடித்ததும் போனைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டுவாள்.

"சரி. அடுத்தது" என்பார் சார்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. வகுப்பு நடந்த காலத்தில் விரலைப் பிடித்துத் திருத்திய மனுஷன் இவர்தானா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டர்கள் பலர் நோயில் படுத்துவிட்டார்கள். பேராசிரியர் சம்மதித்தால், கடைசி வருடத்துப் பிள்ளைகள் திங்கட்கிழமை முதல் வந்து காயங்களுக்குத் தையல் போட வேண்டும்.

ஜாஸ்லின் இதுவரை மனிதத் தோலில் தையல் ஊசி வைத்ததே இல்லை. சார் நிஜமாகவே பார்க்கிறாரா, இல்லை பேருக்குச் சொல்லி வைக்கிறாரா?

அன்று வேண்டுமென்றே உள்முடிச்சைத் தொளதொளவென்று விட்டாள். தோலை மட்டும் அழகாகத் தைத்துக் காட்டினாள்.

"சரி. அடுத்தது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், உள்முடிச்சு லூஸ். வேணும்னுதான் அப்படிப் போட்டேன். நீங்க பார்க்கவே இல்ல."

"பார்த்தேனேம்மா. தோல் நல்லாத்தான் சேர்ந்திருக்கு. உள்ள இருக்கறது போன்ல எப்படித் தெரியும்?"

"அப்போ இத்தனை நாள் சரி, சரின்னீங்களே?"

"கண்ணுக்குத் தெரிஞ்சதுக்குச் சொன்னேன்."

"நான் உள்ளயும் சேர்த்துன்னுல்ல நினைச்சேன்." அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "நான் தைச்ச கால் உள்ளுக்குள்ளயே சீழ் பிடிச்சா என்ன சார் பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்கு."

சார் கேட்டார்:

"இதுக்கு முன்னாடி போட்ட உள்முடிச்செல்லாம் எப்படி இருந்துச்சு?"

ஜாஸ்லின் தலை குனிந்தாள்.

"சிலது நழுவுச்சு சார். இழுக்கும்போதே கைக்குத் தெரிஞ்சுது."

"சொல்லலையே."

"நீங்கதான் சரின்னுட்டீங்களே."

சொல்லி முடித்ததும் அவளுக்கே முகம் சுண்டிப்போனது. சார் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. போனையும் வைக்கவில்லை.

அவள் கத்தரியை எடுத்தாள். தோலின் மேல் அத்தனை நேர்த்தியாகப் போட்டிருந்த தையல்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். உள்ளே தளர்ந்து கிடந்த முடிச்சையும் வெட்டி எறிந்தாள். மறுபடி சதையைச் சேர்த்து, இழுத்துப் பார்த்து, முடிச்சுப் போட்டாள். அது சரியில்லை என்று அதையும் வெட்டிவிட்டுத் திரும்பப் போட்டாள். கடைசியில் தோலை மூடினாள். இந்தத் தடவை தையல் கொஞ்சம் கோணல்தான்.

"உள்ள நல்லா பிடிச்சிருக்கு சார்" என்றாள் மெதுவாக.

"இங்கேயிருந்து எனக்குத் தெரியாதும்மா. நீ சொல்றதை நம்பித்தான் திங்கட்கிழமை உன் முன்னால ஒரு ஆளைப் படுக்க வைக்கப் போறேன்."