துவையலுக்கு வறுத்த கடலை

குரு என்றதும் தாடியும் காவியும் தேட வேண்டாம். இந்தக் குரு சுகுணா டீச்சர். உடம்பு இளைக்க வீட்டில் என்ன சமைக்கலாம் என்று தன் அடுப்படியிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பவள். சிஷ்யை மங்கையற்கரசி அவளைவிட மூத்தவள். அன்றைக்கு வரும்போதே மங்கையின் முகம் சரியில்லை.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"அம்சவேணிக்குத் தனியா என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

அம்சவேணி மங்கையின் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இங்கே சேர்ந்தார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. சமைப்பது என்னவோ மங்கைதான். கொள்ளு ரசம், சாமைச் சோறு, எண்ணெயைக் கண்ணில் காட்டாத பொரியல் எல்லாம் அவள் கைப்பக்குவம். இளைத்தது மட்டும் அம்சவேணி. அவள் ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு மாமியார், "கல்யாணப் பொண்ணாட்டம் ஆயிட்டா" என்று மங்கையின் காதுபடச் சொன்னார். அன்றிலிருந்து மங்கைக்கு வயிறு எரிகிறது. கொள்ளு ரசத்துக்கும் அது அடங்கவில்லை.

"தனியா ஒண்ணும் சொல்லலைக்கா."

"அப்ப நாளையிலிருந்து நான் வரலை டீச்சர். என் கையால ஆக்கிப்போட்டு அவ இளைக்கிறா. நான் அப்படியேதான் இருக்கேன். அதைப் பாத்துட்டே இருக்க என்னால ஆகாது."



சுகுணா வறுத்து ஆறவைத்திருந்த நிலக்கடலைத் தட்டை அவள் முன்னால் நகர்த்தினாள்.

"துவையலுக்கு வறுத்தேன். தோல் நீக்கிக் குடுங்கக்கா. அப்படியே, அம்சவேணி நேத்து என்ன சாப்பிட்டாங்கன்னு சொல்லுங்க."

மங்கை யோசிக்கவே இல்லை. கடலையைக் கசக்கி ஊதிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"காலையில கேழ்வரகு தோசை. ரெண்டாவதுல பாதியை வெச்சுட்டு எந்திரிச்சுட்டா. அப்புறம் ஒரு டம்ளர் மோர். மத்தியானம் சோறு ஒரே கரண்டி, கீரை மட்டும் கிண்ணம் நிறைய. அப்பளம் வெச்சேன். தொடலை."

"சாயந்தரம்?"

"சுண்டல். அதையும் ஒவ்வொண்ணா எடுத்து மெல்லுவா பாருங்க, பாக்கற நமக்குத்தான் எரிச்சல்."

"ராத்திரிக்கு?"

"ரசம். அதுக்குக்கூடச் சோறு போட்டுக்கலை. என்ன அழுத்தம் இருக்கணும் அவளுக்கு."

அவள் பேசப் பேச, சுகுணா மிக்ஸி ஜாரில் தேங்காயும் மிளகாயும் புளியும் போட்டு முடித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கடலை."

மங்கை தட்டை எடுத்தாள். மேலே இருந்த தோல் பறந்தது. அடியில் ஒரு பருப்புகூட இல்லை. வாயில் மென்றுகொண்டிருந்ததை அவசரமாக விழுங்கினாள்.

சுகுணா சிரிக்கவில்லை. ஜாரை மூடி ஓரமாக வைத்தாள்.

"அம்சவேணி நேத்து சாப்பிட்டதை ஒண்ணுவிடாம சொன்னீங்க. இப்ப இங்க சாப்பிட்டது யாருக்கா?"