உடம்பில் சேராத சர்க்கரை

நெடுங்காலத்துக்கு முன் வெண்ணாற்றூர் அரசவையில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் பூனை முனகுவது போல மெலிதாக. பிறகு காலிப் பானையை யாரோ கல்தரையில் உருட்டுவது போல. முரசறைபவன்கூடத் தன் முரசைத் திரும்பிப் பார்த்தான். அது முரசு இல்லை. ஒரு மனிதனின் வயிறு.

வெண்ணாற்றூரை ஆண்ட செண்டலங்காரப் பூபதிக்கு லட்டு என்றால் உயிர். அந்தச் சத்தம் கேட்பதற்குச் சில நாள் முன்பு, அரியணையில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. கைப்பிடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். காவலர்கள் கூடி இழுத்து வெளியே எடுத்தார்கள். அவருடைய வெட்கம் கோபமாகி, மடைப்பள்ளித் தலைவர் உமாபதிமேல் பாய்ந்தது.

“என்னை ஊத வைத்தவன் நீதான்! தித்திக்கவும் வேண்டும், தொப்பை போடவும் கூடாது. அப்படி ஒரு லட்டு செய். இல்லையென்றால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போ!”

“சர்க்கரை தன் குணத்தை விடுமா, மகாராஜா?” என்றார் உமாபதி. அவருக்கும் அரசர் அளவுக்கே தொப்பை. அதற்குக் காரணம் அரண்மனை வழக்கம். அரசர் எவ்வளவு உண்பாரோ, அவ்வளவையும் செய்தவர் முதலில் தின்றுவிட்டு, அரசர் எதிரே மூன்று நாழிகை உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் எழுந்தால் விஷம் வைத்ததாகப் பொருள். தலை போய்விடும்.

அமைச்சர் உலகளந்தார் இந்த நாளுக்குத்தான் காத்திருந்தார். உமாபதியின் இடத்தில் அமர்த்தத் தன் மைத்துனன் சாத்தப்பனை அழைத்து வந்தார். அவன் கையில் வெள்ளைப் பொடி.

“மரப்பட்டையிலிருந்து எடுத்த சர்க்கரை, மகாராஜா. நாக்கில் சில்லென்று இனிக்கும். உடம்பில் சேரவே சேராது” என்றான் சாத்தப்பன்.

அரசர் ஒரு சிட்டிகை சுவைத்தார். முகம் மலர்ந்தது. “நாளை இவன் லட்டு செய்யட்டும். உமாபதி, நீ மூட்டையைக் கட்டு!”

உமாபதியின் மனைவி பாத்திரங்களைத் துணியில் வைத்தாள். முடிச்சுப் போடத்தான் கை வரவில்லை.

சபையில் விகடகவி மருதவாணர் எழுந்தார். “சிறிய சந்தேகம். உடம்பில் சேராது என்றால், உள்ளே போனது எங்கே போகும்?”

“விகடம் பேச நேரம் பார்த்தீரே!” என்று சீறினார் அமைச்சர்.

“சரி, எனக்கும் ஒரு பிடி பொடி கொடுங்கள். தின்று பார்க்கிறேன்.”

மறுநாள் மருதவாணர் சபைக்குத் தாமதமாக வந்தார். முகம் வெளிறியிருந்தது. கேள்விக்கு விடை கிடைத்திருந்தது.

லட்டுகள் மலைபோல் குவிந்திருந்தன.

“சேராத சர்க்கரைக்கு அளவு எதற்கு, மகாராஜா? எத்தனை உண்பதாக உத்தேசம்?”

“முப்பது!” என்றார் அரசர்.

“அப்படியானால் வழக்கப்படி சாத்தப்பனும் முப்பது.”

“ஒன்று தின்றால் போதாதா?” என்றான் சாத்தப்பன்.

“உமாபதி என்றைக்காவது ஒன்றோடு நிறுத்தினாரா? அவர் தொப்பையைப் பாரும்!”

சாத்தப்பன் தின்றான். உட்கார்ந்தான். முதல் நாழிகை அமைதியாகக் கழிந்தது. இரண்டாவதில்தான் அந்தச் சத்தம்.

“என்ன அது?” என்றார் அரசர்.

“சேராத சர்க்கரை வெளியே போக வழி கேட்கிறது, மகாராஜா.”

சாத்தப்பனுக்கு வியர்த்தது. காலைப் பின்னிக்கொண்டான். பிரித்தான். மறுபடி பின்னினான். பாதி எழுந்தான். வாள்காரன் ஓரடி முன்னால் வந்தான். சாத்தப்பன் உடனே உட்கார்ந்துவிட்டான்.

“விஷமா?” என்று கர்ஜித்தார் அரசர்.

“ஐயோ, இல்லை! நிறையத் தின்றால் வயிறு இளகிவிடும், அவ்வளவுதான். நாளுக்கு ஒன்று தின்றால் ஒன்றும் செய்யாது. என்னை விடுங்கள், மகாராஜா! கம்பளம் வேறு புதியது!”

அரசர் அவசரமாகக் கையை அசைத்தார். அந்தச் சபையிலிருந்து அவ்வளவு வேகமாக யாரும் ஓடியதில்லை.

மருதவாணர் வணங்கினார். “நாளுக்கு ஒன்றுதான் என்றால், உமாபதி லட்டிலேயே ஒன்று தின்னலாமே, மகாராஜா. ஒன்று தின்று யாரும் அரியணையில் மாட்டிக்கொண்டதில்லை.”

அரசர் தொப்பை குலுங்கச் சிரித்தார். உமாபதிக்கு மடைப்பள்ளி திரும்பக் கிடைத்தது.

“உமக்கு என்ன பரிசு வேண்டும்?” என்று மருதவாணரைக் கேட்டார்.

“இப்போதே வீட்டுக்குப் போக உத்தரவு, மகாராஜா. நேற்றுத் தின்றது இன்னும் முடியவில்லை.”

சாத்தப்பன் பக்கத்து நாட்டுக்குப் போய், அதே பொடியை மலச்சிக்கல் மருந்தென்று விற்று, மாளிகை கட்டி, வயதாகிச் செத்தான்.