கரடி மூப்பர் நடத்திய பவனி

ஒரு காட்டில், பிள்ளைகளே, சிங்கத்துக்குக்கூடக் கிடைக்காத மரியாதை ஒரு கரடிக்குக் கிடைத்துவந்தது. கரடியின் பெயர் கமாலியேல். அது அந்தக் காட்டு ஆலயத்தின் மூப்பர்.

காட்டில் ஏது ஆலயம் என்று கேட்பீர்கள். யாரோ எப்போதோ கட்டி விட்டுப்போன ஓட்டுக் கட்டடம் அது. ஞாயிறுதோறும் மிருகங்கள் அங்கே கூடிப் பாட்டுப் பாடும், ஜெபம் பண்ணும், முன்வரிசை இடத்துக்காக ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும்.

கமாலியேல் எப்படி மூப்பரானது தெரியுமா? ஆராதனை தொடங்கியதிலிருந்து ஆசீர்வாதம் கூறும்வரை அது கண்ணைத் திறப்பதே இல்லை. மற்ற மிருகங்கள் ஜெப நேரத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து, யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்துக்கொள்ளும். கரடி மட்டும் அசையாது. "என்னா பக்தி" என்று மயில் சொக்கிப்போனது. ஆலயக் காரியதரிசியான குரங்கு உடனே கரடியின் பெயரை முன்மொழிந்தது. எதையும் முந்திக்கொண்டு முன்மொழிவது குரங்கின் சுபாவம்.

உண்மையில் கரடிக்குக் கண் தெரியாது. இரண்டு கண்ணிலும் பூ விழுந்து மூன்று வருடமாகிவிட்டது. முதலில் வெட்கப்பட்டு மூடிக்கொண்டது. மரியாதை வந்த பிறகு அந்த மரியாதைக்காக மூடிக்கொண்டது. நாளாக ஆகத் தனக்கு எல்லாம் தெரிகிறது என்று அதுவே நம்பத் தொடங்கிவிட்டது. எனக்கு அதுதான் பரிதாபமாக இருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை சாட்சி சொல்லும் ஞாயிறு வரும். தான் கண்ட ஒளியைப்பற்றி ஒவ்வொரு மிருகமும் எழுந்து சொல்லவேண்டும். கரடி கண்ட ஒளி முதல் வருடம் அகல்விளக்கு அளவு இருந்தது. அடுத்த வருடம் சூரியன் அளவு. மூன்றாம் வருடம் பன்னிரண்டு சூரியன் என்றது. எல்லாரும் அழுதார்கள்.

அந்த ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்குட்டி வேலையை ஓர் ஆமை பார்த்துவந்தது. எனக்கு ஆண்டவரைப்பற்றிக் கொஞ்சந்தான் பிடிபடுகிறது, இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அது சாட்சி சொன்னது. இதெல்லாம் ஒரு சாட்சியா என்று குரங்கு அதட்டி உட்காரவைத்தது.

குருத்தோலை ஞாயிறு வந்தது. சிலுவையைத் தூக்கிக்கொண்டு மூப்பர் முன்னே நடப்பார். மற்றவர்கள் கையில் ஓலையோடு பாடிக்கொண்டு பின்னே போவார்கள். மூப்பர் கண்ணை மூடி நடக்கும்போது நாம் மட்டும் விழித்துக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும் என்று மயில் கேட்டது. அதன் பேச்சு எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆமை மட்டும் மூடவில்லை. மூடினால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று அதற்குப் பயம்.

கரடிக்கு வழி மனப்பாடம். வாசலிலிருந்து அறுபது எட்டு வைத்தால் ஒரு மாமரம் கைக்குத் தட்டுப்படும். அங்கே இடப்பக்கம் திரும்பவேண்டும். ஆனால் முந்தின வாரக் காற்றில் அந்த மாமரம் சாய்ந்துவிட்டது. அது கரடிக்குத் தெரியாது.

அறுபது எட்டு ஆயிற்று. கரடி கையை நீட்டித் துழாவியது. மரம் இல்லை. பின்னால் வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மூப்பர் பட்டம் என்னாவது? கரடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே நடந்தது. ஆமை பின்னாலிருந்து கத்திய கத்தல் ஓசன்னாப் பாட்டில் ஒருவர் காதிலும் விழவில்லை.

நேரே இருந்தது பழைய யானைக்குழி. கரடி விழுந்தது, மயில் விழுந்தது, குரங்கும் முயலும் நரியும் விழுந்தன. பாட்டு நிற்கவில்லை; குரல்கள்தான் ஒவ்வொன்றாகக் கீழே போய்க்கொண்டிருந்தன.

குழிக்குள்ளேயே குரங்கு கமிட்டியைக் கூட்டியது. ஆராதனைப் பாதையில் அத்துமீறிக் கிடந்த குழியைக் கண்டித்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. மயில் வழிமொழிந்தது.

அப்போது ஓரத்தில் முயல் முனகியது. அதன் பின்னங்கால் முறிந்திருந்தது.

"மூப்பரே, உங்க கண்ண நம்பித்தான் நான் என் கண்ண மூடினேன்" என்றது.

கரடியால் அதைத் தாங்க முடியவில்லை. முயலின் குரல் வந்த பக்கம் திரும்பியது.

"எனக்குக் கண்ணு தெரியாது. மூணு வருசமாத் தெரியாது. நான் சொன்ன சாட்சியெல்லாம் பொய்."

"மூப்பர் தாழ்மையாப் பேசுதாரு. இத யாரும் குறிப்புல எழுதவேண்டாம்" என்றது குரங்கு.

கரடி குனிந்து நின்று முதுகைக் கொடுத்தது. எல்லாரும் அதன்மேல் ஏறி வெளியே போனார்கள். முயலை நரி தூக்கிக்கொண்டு போனது. கடைசியில் குழிக்குள் கரடி மட்டும் இருந்தது, முகமெல்லாம் சேற்றோடு. அன்றுதான், யாரும் கேட்காத இடத்தில், அது முதல்முறையாக ஜெபம் பண்ணியது.

"ஆண்டவரே, நீர் இருக்கீரா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. என் கண்ணத் திறந்துவிடும்."

மேலே ஆமை காத்திருந்தது. அது குரல் கொடுக்கக் கொடுக்க, கரடி வேரைப் பிடித்து ஏறி, ஓடைக்குப் போய்ச் சேற்றைக் கழுவியது. உடனே பளிச்சென்று தெரிந்ததா? இல்லை. இருட்டு கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான்.

கரடி மறுநாளும் போனது. தினமும் விடியற்காலை மணியோசை கேட்டதும் ஓடையில் கண்ணைக் கழுவி ஜெபம் பண்ணியது. ஒரு மாதம் கழித்து, மரங்கள் நடக்கின்றன என்று ஆமையிடம் சொன்னது. அது மரமில்லை, யானைக் கூட்டம் என்று ஆமை சிரித்தது. கரடியும் சிரித்தது. முதலில் தன் கண்ணுக்காக மட்டும் கேட்டுவந்த கரடி, பிறகு முயலின் காலுக்காகவும் கேட்டது. நாட்கள் போகப்போக, கேட்பதை மறந்து ஓடைக்கரையில் சும்மா உட்கார்ந்து நன்றி சொல்லத் தொடங்கியது. ஆண்டவர் இருக்கிறாரா என்ற கேள்வி எந்த நாளில் தன்னைவிட்டுப் போனது என்று அதற்கே தெரியாது.

மறுபடி சாட்சி ஞாயிறு வந்தது. மூப்பர் இந்த வருடம் எத்தனை சூரியனைக் கண்டிருப்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கரடி எழுந்தது.

"நேத்தைவிட இன்னைக்குக் கொஞ்சம் தெரியுது. ஆண்டவர்தான் செய்தார்" என்று மட்டும் சொன்னது.

சொல்லும்போதே, தாமதமாக வந்த முயல் வாசலில் ஏறுவதைப் பார்த்தது. முயல் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது. அந்தக் கால் இப்படித்தான் இருக்கிறது என்று கரடி அன்றுதான் கண்டது. அது தேம்பி அழுதது.

"நான் செய்தது இது. என்ன மன்னிச்சிரு" என்றது.

"இன்னைக்காவது பாத்தீங்களே" என்றது முயல்.

சபைக்கு இது பிடிக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு அழுகிறவர் மூப்பராக இருப்பது நமக்குக் கௌரவமில்லை என்றது குரங்கு. மயிலை முன்மொழிந்தது. மயில் கண்ணை இறுக்க மூடிக்காட்டியது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மனதாகக் கையைத் தூக்கினார்கள். அதனால், கரடி முயலை முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனதை ஆமையைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை.

நீதி: தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறவனின் கண்ணை ஆண்டவர் கொஞ்சம் கொஞ்சமாகவாவது திறப்பார்; எல்லாம் தெரிகிறது என்கிறவன் அவருக்கு வேலையே வைப்பதில்லை.