முடிவைச் சொல்லாத மாப்பிள்ளை

பூவலிங்கபுரத்தில் மாவு மில்லுக்கு எதிர் மாடியில் நாலு ஆம்பிளைகள் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு டிவி, ஒரு சீப்பு, ஒரு மூளை. அந்த மூளை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் தகராறு. தேடிப் பார்த்தவரைக்கும் அகப்படவில்லை.

தலைவர் எட்டியப்பன். எப்போதோ பஸ் ஸ்டாண்டில் ஷூட்டிங் நடந்தபோது கூட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர். அன்றிலிருந்து சினிமா என்றால் அவர் சொன்னதுதான் சட்டம். அடுத்தவன் பிச்சுமணி. எந்தப் படம் பார்த்தாலும் "முதல் பாதி பிரமாதம், ரெண்டாம் பாதி இழுவை" என்பான். முதல் பாதி ஓடும்போது குறட்டை விட்டுத் தூங்கியவனும் அவனேதான். மூன்றாமவன் சூசைமாணிக்கம். "ஒரு தடவை பார்க்கலாம்" என்பான். சொன்ன சொல் தவறாத மனுஷன், அதே படம் மறுபடி டிவியில் ஓடினால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வான்.

நாலாமவன் தவசி. மாவு மில்லில் வேலை. அவனுக்குக் கருத்தே கிடையாது, குயிலிதான் உண்டு. மிளகாய் அரைக்க வந்த குயிலியைப் பார்த்து அவன் பதினேழு தும்மல் போட்டதில் ஆரம்பித்த காதல் அது. அந்தப் பெண்ணுக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. ஏன் பிடித்தது என்று நம்மைக் கேட்டால் நமக்கென்ன தெரியும்?

குயிலியின் அப்பா ஆபரேட்டர் அங்குசாமி, உள்ளூர் டாக்கீஸில் முப்பத்தொரு வருஷம் படம் ஓட்டியவர். டாக்கீஸ் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டது. அவர் இன்னும் ஆபரேட்டராகவே இருந்தார். தவசி பெண் கேட்டுப் போனபோது தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுவரைக்கும் மூணு பேர் வந்தானுங்க தம்பி. மூணு பேரும் போன வாரம் பார்த்த படம்னு பேச்செடுத்து, கடைசி சீன்ல என்ன ஆச்சுங்கிறதை என் மூஞ்சிக்கு நேரா போட்டு உடைச்சானுங்க. அப்படிப்பட்ட பாவிக்கு நான் பொண்ணு கொடுப்பேனா?"

"கொடுக்கவே கூடாது மாமா."

"நீ ஒண்ணு பண்ணு. வீட்ல உட்கார்ந்து புதுசா ஒரு படம் பாரு. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வந்து, சும்மா பேசுற மாதிரி உன் கருத்தைச் சொல்லு. ஆனா அது உன் சொந்தக் கருத்தா இருக்கணும், அடுத்தவன் பேச்சு காதுல விழுந்திருக்கக் கூடாது. முடிவைப் பத்தி மூச்சு விடக் கூடாது. நான் இன்னும் பார்க்கலை!"

வாசல்வரை வந்த குயிலி, "உங்க கூட்டாளிங்ககிட்ட மட்டும் யோசனை கேட்காதீங்க" என்று கெஞ்சினாள். தவசி சத்தியம் பண்ணிவிட்டு நேரே போய் அவர்களிடம்தான் கேட்டான்.

எட்டியப்பன் கண்ணை மூடி யோசித்தார். "காதுல விழக் கூடாதுன்னாரா? பஞ்சை வை." வைத்தார்கள். இனிமேல் படத்தில் யார் பேசுவதும் கேட்காதே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் தவசிக்குக் கேட்டிருக்காது.

"அடுத்தது முடிவு. முடிவைச் சொல்லக் கூடாதுன்னா அது தெரியாம இருக்கணும். தெரிஞ்சா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் வாயில வந்துடும். முடிவு வர்றதுக்கு முன்னாடி டிவியை நிறுத்திடுவோம்."

"முடிவு எப்ப வரும்னு எப்படித் தெரியும் அண்ணே?" என்றான் பிச்சுமணி.

"யாராவது முன்னாடியே பார்த்து வைக்கணும்."

சூசைமாணிக்கம் வெள்ளிக்கிழமையே முழுப் படத்தையும் பார்த்து முடித்தான். பார்த்து முடித்ததும் மற்றவர்களுக்குப் பகீரென்றது. முடிவு இப்போது அவனுக்குள் இருக்கிறதே, எந்த நேரத்தில் வெளியே வருமோ! ஆளுக்கொரு பக்கம் பிடித்து, துண்டால் அவன் வாயைக் கட்டினார்கள். அன்று ராத்திரி அவனுக்குச் சோறும் கிடையாது. வாயைத் திறக்கவேண்டி வருமே.

சனிக்கிழமை காலையில் போனிலிருந்து டிவிக்கு இணைத்துப் படத்தைப் போட்டார்கள். தவசி காதில் பஞ்சோடு ஊமைப்படம் பார்த்தான். இரண்டு மணி நேரம் போனதும் சூசைமாணிக்கம் எழுந்து கையைக் காலை உதறினான்.

"பாவம், பசிக்குது போல" என்று பிச்சுமணி துண்டை அவிழ்த்துவிட்டான்.

"நிறுத்துங்கடா!" என்று அலறினான் சூசைமாணிக்கம். "இன்னும் அஞ்சு நிமிஷத்துல டாக்டர்தான் திருடன்னு தெரிஞ்சுபோயிடும்!"

பிச்சுமணி டிவியை அணைத்தான். எட்டியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த டாக்டரை அவர் மனசார நம்பியிருந்தார். தவசி பஞ்சை எடுத்துவிட்டு, "என்னாச்சு, ஏன் எல்லாரும் அழுறீங்க?" என்றான்.

"டாக்டர் ஏண்டா இப்படிப் பண்ணினார்?" என்று விம்மினான் பிச்சுமணி. இப்போது தவசிக்கும் தெரிந்துவிட்டது.

இருப்பது ஒரே ஒரு நாள். குயிலி கிடைக்காவிட்டால் மாவு மெஷினுக்குள் தலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று தவசி நிஜமாகவே அழுதான். எட்டியப்பனுக்கு மனசு இளகிவிட்டது.

"அழாதடா. வேற படம் போடு. இந்தத் தடவை யாரும் முன்னாடி பார்க்க வேண்டாம், அறிவை வச்சே கண்டுபிடிப்போம். இடைவேளைக்கு அப்புறம் வர்றதெல்லாம் எங்கே போகுது?"

"முடிவுக்கு."

"அப்ப இடைவேளையோட நிறுத்தணும். அதுக்கு முன்னாடி வர்றது எங்கே போகுது?"

"இடைவேளைக்கு."

"இடைவேளை வரைக்கும் போனவன் சும்மா திரும்புவானா? அதையும் நிறுத்து. கதாநாயகன் வந்து நின்னாலே கடைசியில அவன்தான் ஜெயிப்பான்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் தலை தெரியுறதுக்கு முன்னாடி நிறுத்திடணும்."

அப்படியே நிறுத்தினார்கள். தவசி பார்த்தது மொத்தம் ஆறு நிமிஷம். அதைப் பதினோரு தடவை பார்த்தான். சூசைமாணிக்கம் முதல் தடவைக்குப் பிறகு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அங்குசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குயிலி கதவோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா, படம் எப்படி?"

"முதல்ல ஒரு சான்றிதழ் காட்டினாங்க மாமா. நல்ல கையெழுத்து. அப்புறம், பீடி சிகரெட் குடிக்காதீங்கன்னு ஒருத்தர் இருமிக் காட்டினார். ரொம்ப இயல்பா இருமினார், எனக்கே நெஞ்சு வலிச்சுது."

அங்குசாமி நிமிர்ந்தார்.

"அப்புறம் நன்றி போட்டாங்க. நூத்திப் பன்னெண்டு பேர். ஒரு பூசாரிக்கும், டிராக்டர் கொடுத்த ஒருத்தருக்கும்கூட மறக்காம போட்டிருந்தாங்க. லைட்மேன்ங்க பேர் மட்டும் சட்டுனு மறைஞ்சுடுச்சு மாமா, அதுதான் ஒரு குறை. அவங்க வீட்டுல ஆசையா பார்த்துக்கிட்டிருப்பாங்க இல்லையா?"

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. "முப்பத்தொரு வருஷம் கேபின்ல நின்னேன் தம்பி. பேர் ஓடும்போது ஒருத்தனாவது உட்கார்ந்திருப்பானா? எல்லாப் பயலும் முறுக்கு வாங்கப் போயிருப்பான். நீ ஒருத்தன்தான் படம் பார்க்கத் தெரிஞ்சவன். சரி, கதை எப்படி?"

"நான் அவ்வளவு தூரம் போகலை மாமா."

"அடக்கத்தைப் பாரு! கடைசியில என்னதான் ஆச்சு? எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

"கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன்."

அவனால் சொல்லவும் முடியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று தடவை மடக்கிப் பார்த்தார். அவன் மசியவில்லை. "என் பொண்ணு உனக்குத்தான்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கல்யாணம் பழைய டாக்கீஸ் மண்டபத்தில் தடபுடலாக நடந்தது. கெட்டிமேளம் கொட்டப்போகும் நேரத்தில் எட்டியப்பன் மற்ற இருவரையும் எழுப்பினார்.

"டேய், எல்லாப் படமும் எதுல முடியுது?"

"கல்யாணத்துல."

"அப்ப இது முடிவு. எழுந்திரிங்கடா." மூன்று பேரும் பந்திக்குப் போய் முதல் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதே நேரத்தில் அங்குசாமிக்கு மேடையில் வெளிச்சம் போதவில்லை என்று பட்டது. பழக்கதோஷம், மாடியிலிருந்த பழைய கேபினுக்கு ஓடிப்போய் ஸ்விட்ச் போர்டோடு மல்லுக்கட்டினார். அவர் இறங்கி வருவதற்குள் தாலி ஏறிவிட்டது.

ஒரு மாதம் கழித்து ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். எல்லாரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். சாட்சி மூன்று பேர். யார் என்று சொல்லவேண்டியதில்லை.

"நீங்க கல்யாணத்தை நேர்ல பார்த்தீங்களா?" என்று கேட்டார் பதிவாளர்.

"முதல் பாதி பிரமாதம் சார்" என்றான் பிச்சுமணி.

"ஒரு தடவை பார்க்கலாம்" என்றான் சூசைமாணிக்கம்.

"தாலி கட்டினாரா இல்லையா?"

எட்டியப்பன் புன்னகைத்தார். "அதைச் சொல்லிட்டா உங்களுக்கு சுவாரஸ்யம் போயிடுமே சார்."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். குயிலி தலையில் அடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரையே கேளுங்க சார்" என்றாள்.

"யோவ் மாப்பிள்ளை, நீயாவது சொல்லுய்யா. உனக்கும் இந்தப் பொண்ணுக்கும் கல்யாணம் ஆச்சா இல்லையா?"

தவசி வாயைத் திறந்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அங்குசாமி மேல் கண் போனது. டக்கென்று வாயை மூடிக்கொண்டு, பதிவாளரின் காதுப் பக்கம் குனிந்தான்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். மாமா அந்த நேரத்துல கேபின்ல இருந்தார், அவர் இன்னும் பார்க்கலை."

"இவனல்லவா மாப்பிள்ளை!" என்று அங்குசாமி எழுந்து நின்று கைதட்டினார்.